ஹென்றி சரி என்றாரா?

2012-ல் ஒரு வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது. நீங்களும் பார்த்திருக்கலாம். அமெரிக்காவில் ஒரு முதியோர் இல்லம். ஹென்றி என்ற கறுப்பினப் பெரியவர் சக்கர நாற்காலியில் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருக்கிறார். மறதி நோய். பேச்சுக் கொடுத்தால் ஓரிரு சொல்லில் பதில் வரும். பல சமயம் அதுவும் வராது. அவர் காதில் ஹெட்போன் மாட்டி, அவருக்குப் பழக்கமான பாட்டைப் போடுகிறார்கள். சட்டென்று கண் விரிகிறது. உடம்பு ஆடுகிறது, வாய் கூடவே பாடுகிறது. ஹெட்போனைக் கழற்றிய பிறகும் அந்த வெளிச்சம் கொஞ்ச நேரம் நிற்கிறது. கேப் கேலோவே பாட்டு பிடிக்கும் என்கிறார், பாடியும் காட்டுகிறார். நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ் தோன்றி, இசை இந்த மனிதரை அவருக்கே திருப்பிக் கொடுத்திருக்கிறது என்ற பொருளில் பேசுகிறார்.

நான் அலுவலகத்தில் உட்கார்ந்து கண் கலங்கப் பார்த்தேன். பார்த்த கையோடு தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினேன்.

மைக்கேல் ரோசாட்டோ-பென்னட் எடுத்த 'அலைவ் இன்சைட்' என்ற ஆவணப்படத்தின் ஒரு துண்டு அது. டான் கோஹன் என்ற சமூகப் பணியாளர், மறதி நோயாளிகளுக்கு அவரவர் பாட்டைக் கேட்க வைக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியிருந்தார். அதை ஒரு நாள் படம் பிடிக்கப் போன இயக்குநர் மூன்று ஆண்டுகள் அதிலேயே தங்கிவிட்டார். முழுப் படம் 2014-ல் சன்டான்ஸ் விழாவில் பார்வையாளர் விருது வாங்கியது. போன மாதம் அதை மறுபடி பார்த்தேன். இம்முறை கண் கலங்கவில்லை. ஒரு கேள்விதான் தொண்டையில் நின்றது: ஹென்றி சரி என்றாரா?

அனுமதி வாங்காமல் எடுத்துவிட்டார்கள் என்று நான் குற்றம் சாட்டவில்லை. அவருடைய மகளே அந்த வீடியோவில் அப்பாவைப் பற்றி அன்பாகப் பேசுகிறார். என் கேள்வி வேறு. பாட்டு முடிந்து பேச்சு திரும்பிய அந்தச் சில நிமிடங்களில் அவரிடம் இசையைப் பற்றிக் கேட்கிறார்கள், பிடித்த பாடகரைக் கேட்கிறார்கள். "இதோ படம் எடுக்கிறோம், உங்களைத் தெரியாதவர்கள் எல்லாம் இதைப் பார்ப்பார்கள், பரவாயில்லையா?" என்று கேட்பது அந்தத் துண்டில் இல்லை. அவர் தெளிவாக இருந்த நேரம் அதுதான். அந்தத் தெளிவைப் பதிவு செய்தார்கள், பயன்படுத்திக் கேட்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. அந்த வீடியோ வேலை செய்வதே முதல் காட்சியால்தான். தலை தொங்கி, கண் மூடி, யாருமற்றுக் கிடக்கும் ஹென்றி இல்லாவிட்டால் மலரும் ஹென்றிக்கு மதிப்பில்லை. சிகப்பழகு க்ரீம் விளம்பரத்தின் 'முன் – பின்' படம் மாதிரிதான். 'பின்' படத்துக்கு எவரும் சந்தோஷமாகச் சம்மதிப்பார்கள். 'முன்' படத்துக்கு?

ஆராய்ச்சி என்ற கோணத்திலும் இதில் சிக்கல் இருக்கிறது. கேமரா மலர்ந்த முகத்தைத் தேடிப் போகும். ஹெட்போன் மாட்டியும் மலராத முகங்களைப் படத்தொகுப்பு மேசையில் யாரும் தேட மாட்டார்கள். பிற்பாடு இதே இசைத் திட்டத்தை அமெரிக்காவில் 54 முதியோர் இல்லங்களில் முறையாகச் சோதித்தபோது, நோயாளிகளின் அமைதியின்மை குறிப்பிடத்தக்க அளவு குறைந்ததாகத் தெரியவில்லை. இசை பயனில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நான் இன்னமும் பாட்டுப் போடுவேன். ஒரு முகத்தைச் சான்றாக வைத்து நாம் நம்பியதற்கும், எண்ணிப் பார்த்தபோது கிடைத்ததற்கும் உள்ள தூரத்தைத்தான் சொல்கிறேன். அந்தச் சான்றுக்கான விலையைத் தன் முகத்தால் கொடுத்தவர் ஹென்றி.

இதற்கு நேர் எதிரான படம் ஒன்று இருக்கிறது. ஃபிரடெரிக் வைஸ்மன் இயக்கிய 'டிட்டிகட் ஃபாலிஸ்', 1967. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிரிட்ஜ்வாட்டரில், குற்றம் சாட்டப்பட்ட மனநோயாளிகளை அடைத்து வைத்த சிறை மருத்துவமனையில் 1966-ல் எடுத்தது. வைஸ்மன் சட்டம் படித்தவர், சட்டம் கற்பித்தவர். மாணவர்களை அங்கே அழைத்துப் போய்க் காட்டியவர். ஒளிப்பதிவு செய்த ஜான் மார்ஷல், கலஹாரி வேட்டைக் குடிகளைப் பற்றி 'தி ஹன்டர்ஸ்' எடுத்த மானுடவியல் படக்காரர். ஆக, விவரம் தெரியாதவர்கள் எடுத்த படமல்ல.

அதில் சாப்பிட மறுக்கும் ஒரு முதியவருக்கு மூக்கு வழியே குழாய் விட்டு உணவு ஊற்றுவார்கள். ஊற்றும் மருத்துவரின் வாயில் சிகரெட். சாம்பல் இப்போது விழுமோ அப்போது விழுமோ என்று தொங்கும். அதற்கு நடுநடுவே அதே முதியவரின் பிணத்துக்குச் சவரம் செய்யும் காட்சியை வெட்டி ஒட்டியிருப்பார் வைஸ்மன். உயிரோடு இருந்தபோது கிடைக்காத கவனிப்பு செத்த பிறகு கிடைக்கிறது. நான் பார்த்த ஆவணப்படங்களில் இவ்வளவு கோபமான படத்தொகுப்பு வேறில்லை. அந்த முதியவரிடம் யாரும் கேட்டிருக்க முடியாது என்பதும் அதே அளவு உண்மை.

அனுமதி? அது இருந்தது. மேலதிகாரிகள் கொடுத்தார்கள். நோயாளிகளில் சொற்பப் பேர்தான் எழுத்தில் சம்மதித்திருந்தார்கள். படம் வெளிவந்ததும் மாநில அரசு வழக்குப் போட்டது. காரணம்: நோயாளிகளின் அந்தரங்கம். படம் எடுக்க அனுமதி கிடைக்க உதவிய எலியட் ரிச்சர்ட்சனே இப்போது மாநிலத்தின் தலைமை வழக்கறிஞராக எதிர்ப்பக்கம் நின்றார். 1968-ல் நீதிபதி ஹாரி கேலஸ் படப்பிரதிகளை அழிக்கவே உத்தரவிட்டார். 1969-ல் மாநில உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, மருத்துவர், வழக்கறிஞர், சமூகப் பணியாளர், அத்துறை மாணவர்கள் போன்றோர் மட்டும் பார்க்கலாம் என்றது. பொதுமக்கள் பார்க்க 1991 வரை ஆயிற்று. அதற்குள் படத்தில் இருந்தவர்களில் பலர் இறந்துவிட்டார்கள்.

இந்த வழக்கைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் இரண்டு பக்கமும் வரும். நோயாளிகளை நிர்வாணமாக அறையில் அடைத்து வைத்த அரசு, அவர்களுடைய மானத்துக்காக நீதிமன்றம் போனது என்பதை எப்படி நம்புவது? காப்பாற்றப்பட்டது யாருடைய மானம்? அதே சமயம், அந்த நிர்வாண மனிதர்களைத் திரையில் காட்ட வைஸ்மனுக்கு யார் உரிமை கொடுத்தது? பொறுப்பாளர் கொடுத்தார் என்பது பதில். அந்தப் பொறுப்பாளரின் நிர்வாகத்தைத்தானே படம் அம்பலப்படுத்துகிறது!

ஆக ஒன்று அன்பான படம், இன்னொன்று கோபமான படம். இரண்டிலும் ஓட்டை ஒரே இடத்தில். நோயாளிக்காக வேறொருவர் சரி சொல்கிறார்; ஒரே ஒரு முறை சொல்கிறார்; அதோடு கேள்வி முடிந்துவிடுகிறது.

நம் நாட்டில் இந்தக் கதை சுவாரசியமாகத் திரும்பியது. இங்கே கேமராவையே காவலாக நிறுத்தினோம். மருந்துச் சோதனைகளில் படிக்காதவர்களிடமும் ஏழைகளிடமும் கைநாட்டு வாங்கிவிட்டு, அதைச் சம்மதம் என்று கணக்கு எழுதும் முறைகேடுகள் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2013 அக்டோபரில், சம்மதம் வாங்கும் நிகழ்வை ஒலி–ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. 2015-ல் விதி திருத்தப்பட்டு, புதிய வேதிப்பொருள் மருந்துகளின் சோதனையில் எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்கள் பங்கேற்றால் அவர்களுக்கு இந்தப் பதிவு கட்டாயம் என்றானது. 2019-ன் புதிய மருந்து விதிகளிலும் அது தொடர்கிறது.

இதில் ஒரு விதிவிலக்கு என்னை யோசிக்க வைத்தது. எச்ஐவி, தொழுநோய் மருந்துச் சோதனைகளில் ஒலிப்பதிவு மட்டும் போதும், முகம் வேண்டாம். விதி எழுதிய யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்: இவர்களைக் காப்பாற்ற வைத்த கேமராவே இவர்களைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று. அந்த யோசனையை நாம் மறதி நோய்க்கும், பக்கவாதத்துக்கும், படுத்த படுக்கையாய்க் கிடக்கும் முதுமைக்கும் நீட்டியிருக்க வேண்டும்.

சட்டத்தில் இடம் இல்லாமலில்லை. 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சையில் இருப்பவரின் புகைப்படத்தை அவர் சம்மதமில்லாமல் ஊடகத்துக்குத் தரக்கூடாது என்கிறது. மனநோய் என்பதற்கு அது தரும் வரையறையில் நினைவுக் கோளாறும் வருகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 நெறிமுறைகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன: வெளியிடப்போகும் படத்தால் ஒருவரின் அடையாளம் தெரிய வாய்ப்பிருந்தால், மறுபடி சம்மதம் வாங்க வேண்டும். 'மறுபடி' என்ற அந்த ஒரு சொல்தான் விஷயம். பொதுவாக நாம் தவறவிடுவதும் அதைத்தான்.

நானும் தவறவிட்டேன். அதைச் சொல்லாமல் ஹென்றியைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை.

சில வருடங்களுக்கு முன் கண்மாய்ப் பாசனச் சொற்களைச் சேகரித்துக்கொண்டிருந்தேன். தென் மாவட்டம் ஒன்றில், ஒரு காலத்தில் நீர்க்கட்டியாக மடை திறந்து வயல்களுக்குத் தண்ணீர் பிரித்துவிட்ட பெரியவர் ஒருவர் இருப்பதாகத் தெரியவந்தது. எண்பது தாண்டியவர். மூத்திரக் குழாய் போட்டிருந்தது. ஞாபகம் வரும், போகும். மகனிடம் நானே தயாரித்த ஒப்புதல் படிவத்தை நீட்டினேன். "எடுங்க சார், அவரு பேசுறத இப்ப யாரு கேக்குறா" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். படிவமெல்லாம் வைத்து முறையாகச் செய்கிறோம் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை வேறு.

முக்காலியில் கேமராவை நிறுத்தியதும் பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். மரியாதை தெரிந்த மனிதர் என்று என் குறிப்பில் எழுதினேன். நன்றாகப் பேசினார். பத்து நிமிடம் போனதும், "ஓவர்சியர் ஐயா, அன்னைக்கு ராத்திரி மடைய நான் தொறக்கலங்க" என்றார்.

என்னை யாரென்று நினைத்துப் பேசுகிறார் என்பது எனக்கு அப்போதே புரிந்தது. "நான் ஓவர்சியர் இல்லைங்க ஐயா" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "அப்ப யாரு தொறந்தா?" என்று கேட்டேன். கேள்வி தானாக வந்துவிட்டது; பேட்டி அவ்வளவு நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அவர் தயங்கி, ஒரு பெயரைச் சொன்னார். அந்தப் பெயருக்குரியவரின் பேரப்பிள்ளைகள் அதே தெருவில் இருக்கிறார்கள்.

அந்தத் துண்டைக் கட்டிக்கொண்டது எனக்கான மரியாதை இல்லை. ஐம்பது வருடத்துக்கு முந்தைய ஓர் அதிகாரிக்கான பயம். என் படிவத்தில் மகன் கையெழுத்து இருந்தது. பேசியவரோ, பதில் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று நினைத்து ஓர் அதிகாரிக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். இதற்குப் பெயர் சம்மதமா?

பெயர் வரும் இடத்தை வெட்டிவிட்டு, இரண்டு நிமிடத்தை மட்டும் நண்பர்கள் கூட்டம் ஒன்றில் போட்டுக் காட்டினேன். கைதட்டினார்கள். இணையத்தில் ஏற்றச் சொன்னார்கள். ஏற்றும் முன் அவரிடம் காட்டுவோமே என்று அடுத்த முறை போனபோது போனை நீட்டினேன். அன்றைக்கு அவருக்குத் தெளிவாக இருந்தது. தன்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு கண் கீழே போனது. கட்டில் காலில் மூத்திரப் பை தொங்குவது ஓரத்தில் தெரிந்தது. நான் பத்துப் பதினைந்து முறை பார்த்தும் கவனிக்காதது. உள்ளங்கையால் திரையை மூடினார். "இதெல்லாம் வேணாம் தம்பி" என்றார்.

வாசல் வரை வந்த மகன், "அவருக்கு என்ன தெரியும், நீங்க போடுங்க" என்றார். நான் போடவில்லை. அழிக்கவும் இல்லை. 'ஆவணம்' என்று சொல்லி வைத்துக்கொண்டேன்.

அடுத்த வருடம் அக்கா கூப்பிட்டாள். "யாருடா இந்தத் தாத்தா? உன் போட்டோவோட சேர்ந்து பாட்டெல்லாம் போட்டு வருது?" என் போன் எடுத்ததையெல்லாம் தானாக மேகத்தில் ஏற்றியிருக்கிறது. குடும்பத்துக்கென்று பகிர்ந்த தொகுப்பில் அது சேர்ந்திருக்கிறது. வருட நினைவு என்று மென்பொருளே வெட்டி, பின்னணியில் பியானோ போட்டு, அக்காவின் போனில் காட்டிவிட்டது. பெரியவர் அதற்குள் இறந்துபோயிருந்தார். இருபது வருடமாக மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் நான். தானாக ஏறும் வசதியை அணைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

(இதை எழுதுவதும் ஒரு வகையில் காட்டுவதுதான். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். மகனுக்குப் படித்துக் காட்டி, அவர் சரி என்ற பிறகே வெளியிடுகிறேன். அதுவும் இன்னொருவர் சொன்ன சரிதான் என்பது எனக்குத் தெரியும்.)

இப்போது நான் பின்பற்றுவது இவை. பெரிய நிறுவனங்களில் நெறிமுறைக் குழு இருக்கும். என் மாதிரித் தனியாக அலைகிறவர்களுக்கு இந்த அளவாவது வேண்டும்.

1. முகம் எதற்கு என்று முதலில் எனக்கே பதில் சொல்லிக்கொள்வது. சொல், கதை, நினைவு போன்றவற்றுக்கு ஒலிப்பதிவு போதும். கை வேலை நுணுக்கம் என்றால் கையை மட்டும் எடுக்கலாம்.

2. சம்மதத்தை மூன்றாகப் பிரிப்பது: எடுக்க, வைத்திருக்க, காட்ட. முதலாவது கிடைத்தால் மற்ற இரண்டும் கிடைத்ததாக அர்த்தமில்லை. எடுத்த பிறகு அவரிடம் போட்டுக் காட்டியே மூன்றாவதைக் கேட்பது.

3. "நான் யாருங்க ஐயா? எதுக்கு வந்திருக்கேன்?" என்று அவர் வாயாலேயே சொல்லக் கேட்பது. தொடக்கத்திலும் கேட்க வேண்டும், நடுவிலும் கேட்க வேண்டும். என்னை வேறு யாராகவோ நினைத்தால் பதிவு அங்கேயே நிற்கும். ஒருவருக்கு மறதி நோய் என்பதாலேயே முடிவெடுக்க முடியாதவர் என்று ஆகிவிடாது. எளிய சொல்லில், தெளிவான நேரத்தில் கேட்டால் பலர் சொல்வார்கள்.

4. குடும்பத்தார் சரி சொன்னாலும், அவர் முகம் திருப்பினால், கையை ஆட்டினால், எழப் பார்த்தால் அது 'வேண்டாம்'தான். கூட ஒருவரை அழைத்துப்போவது. அவருடைய ஒரே வேலை பெரியவரைக் கவனிப்பதும், தேவைப்பட்டால் கேமராவை நிறுத்துவதும். பேட்டி ருசியில் இருக்கிற எனக்கு அது தெரியாது.

5. போனில் எடுப்பதில்லை. இணையத்தோடு சேராத தனிக் கருவி, கடவுச்சொல் பூட்டிய வட்டு, அழிக்கும் தேதி எழுதிய ஒரு தாள். தேதி போடாத கோப்பு அழிவதே இல்லை. இது எங்கள் தொழில் அனுபவம்.

6. முகத்தை மங்கலாக்கினால் ஆள் தெரியாது என்று நம்புவதில்லை. குரல், பேச்சு வழக்கு, சுவரில் தொங்கும் கடைக் காலண்டர், கோப்பில் தானாகப் பதியும் இடக்குறிப்பு எல்லாம் ஆளைச் சொல்லும். இணையத்தில் போட்டால் திரும்ப எடுக்க முடியாது என்பதையும் படிவத்தில் பச்சையாக எழுதுவது. 'எப்போது வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம்' என்று எழுதிவிட்டு ஏற்றுவது பொய்.

இப்படியெல்லாம் கட்டுப்பாடு போட்டால் முதியவர்களைப் பற்றி ஒரு படமும் வராதே என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பிரிட்ஜ்வாட்டரில் நடந்ததை வைஸ்மன் எடுக்காவிட்டால் உலகம் பார்த்திருக்காது. 'அந்தரங்கம்' என்ற சொல்லை வைத்து நிறுவனங்கள் தங்கள் அழுக்கை மூடிக்கொள்ளும் என்பதற்கும் அந்த வழக்கே சாட்சி. அதனால்தான் சரி சொல்லும் உரிமையும் வேண்டாம் சொல்லும் உரிமையும் பொறுப்பாளரிடம் இல்லாமல், முடிந்த மட்டும் அந்த மனிதரிடமே இருக்க வேண்டும் என்கிறேன். அவரிடம் இருந்தால் அரசு அதைக் கேடயமாக்க முடியாது, நாமும் அதைத் தாண்டிப் போக முடியாது. கேட்கவே முடியாத நிலையில் கிடப்பவரை எடுப்பதற்கு, அவருக்கு இழைக்கப்படும் கொடுமையை நிறுத்துவது போன்ற கனமான காரணம் வேண்டும். பார்க்கிறவர்கள் நெகிழ்வார்கள் என்பது போதாது.

அந்த அளவுகோலில் 'டிட்டிகட் ஃபாலிஸ்' சிராய்ப்போடு தேறுகிறது. 'அலைவ் இன்சைட்' நல்ல மனதோடு எடுத்த படம். ஆனால் அது கேட்டிருக்க முடியும், அதற்கு நேரம் வாய்த்தது. ஹென்றியின் முகம் திறந்துகொண்ட அந்த நிமிடங்களில் ஒரு கேள்வியையும் அவருடைய பதிலையும் சேர்த்திருந்தால், பாட்டைவிட அதுவே அவரை மனிதராகக் காட்டியிருக்கும்.

பெரியவரின் வீடியோவை அழித்துவிட்டேன். மேகத்தில், வட்டில், அக்கா போனில், கூட்டத்தில் வாங்கிப்போன நண்பரிடம் என்று ஒவ்வொன்றாகத் தேடி அழிக்க இரண்டு வாரம் ஆயிற்று. அவர் சொல்லித்தந்த பாசனச் சொற்கள் நாற்பத்து மூன்று என் நோட்டில் இருக்கின்றன. மடையைத் திறந்ததாக அவர் சொன்ன பெயர் இல்லை.

உங்கள் போனிலும் இப்படி ஒரு தாத்தாவோ பாட்டியோ இருக்கலாம். இன்னும் இருக்கிறார்கள் என்றால், தெளிவாக இருக்கும் ஒரு நாளில் போட்டுக் காட்டிக் கேட்டுவிடுங்கள்.